சாரதியின் மானமும் முதலாளியின் கமராவும்

மட்டக்களப்பு – கொழும்பு இரவுச் சேவையில் பஸ் விடும் உரிமையாளர் ஒருவர், சாரதியின் சோர்வை முன்கூட்டியே கண்டறியும் கருவிகள் நமக்கு வேண்டவே வேண்டாம் என்று நீளமாக எழுதியிருக்கிறார். பெயர் தேவையில்லை. கல்முனை முதல் வாழைச்சேனை வரை பஸ் வைத்திருக்கும் பலர் மனதுக்குள் வைத்திருப்பதை அவர் வெளிப்படையாக எழுதிவிட்டார். அந்தத் துணிவை மதிக்கிறேன், வாதத்தை மதிக்க முடியவில்லை. வாதத்தில் நேரும் பழுதுகளைப் பக்கப் போலி, ஏதுப் போலி, திட்டாந்தப் போலி என்று நம்மவர்கள் மணிமேகலை காலத்திலேயே வகைபிரித்து வைத்துவிட்டார்கள். அறவண அடிகள் மணிமேகலைக்குச் சொல்லிக்கொடுத்த அந்தப் பாடத்துக்கு இன்றைய உதாரணம் தேடும் ஆசிரியர் எவரும் அலைய வேண்டியதில்லை. இந்த ஒரே கட்டுரையில் மூன்றும் இருக்கின்றன.

அவருடைய முதற்கூற்று இது: அனுபவமுள்ள சாரதிக்குத் தன் உடம்பு தெரியும், கண் சொக்கினால் அவனே வண்டியை ஓரங்கட்டுவான், அதைச் சொல்ல இயந்திரம் எதற்கு? பாதி உண்மை. இங்கிலாந்தின் லஃப்பரோ பல்கலைக்கழகத்தில் ஜிம் ஹோர்னும் லூயிஸ் ரெய்னரும் 1990களில் செய்த ஆய்வுகளைப் படித்திருந்தால், தன் பேச்சின் முற்பாதிக்கு அங்கே ஆதரவு இருப்பதை அவர் கண்டிருப்பார். நித்திரை வருகிறது என்பது சாரதிகளுக்குத் தெரிந்தேதான் இருந்தது. ஆனால் அவ்வளவு நித்திரை வந்துவிட்டால் அடுத்தது உறக்கம்தான் என்பதை அவர்களில் சிலர் உணரவில்லை. 'இன்னும் கொஞ்சத் தூரம்தானே' என்ற நினைப்பு பிறப்பது அந்த இடைவெளியில்தான். 2003இல் ஹான்ஸ் வான் டொங்கனும் அவரது அமெரிக்கக் குழுவினரும் வெளியிட்ட ஆய்வு இன்னும் கொடியது: இரண்டு வாரம் தொடர்ந்து இரவுக்கு ஆறு மணி நேரமோ அதற்குக் குறைவாகவோ உறங்கியவர்களின் விழிப்புத்திறன், இரண்டு இரவுகள் வரை முழுதாகக் கண்விழித்தவர்களின் நிலைக்கு இறங்கியது, அவர்களோ தமக்கு அவ்வளவொன்றும் களைப்பில்லை என்றே நம்பினார்கள். ஆக, களைப்பு முதலில் பறிப்பது களைப்பை அளக்கும் புத்தியை. பறிபோன அந்தப் புத்தியையே காவலுக்கு நிறுத்தச் சொல்வது எந்த ஊர்த் தர்க்கம்?

சரி, அனுபவசாலிக்குத் தன் களைப்பு தெரிந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். ஓரங்கட்டுவான் என்கிறாரே, எங்கே ஓரங்கட்டுவான்? புணானைக்கும் வெலிக்கந்தைக்கும் நடுவே, யானை குறுக்கறுக்கும் காட்டு வீதியிலா? நாற்பது ஐம்பது பேர் பின்னால் இருந்து "என்ன அண்ணன், பஸ் பழுதா?" என்று கேட்க, பின்னால் வந்த பஸ் ஒலியெழுப்பிக்கொண்டு முந்திப்போக, விடிய ஐந்து மணிக்குப் புறக்கோட்டையில் நிற்காவிட்டால் அடுத்த பயணத்துக்கு வேறு ஆள் ஏறுவான் என்ற பயம் நெஞ்சில் இருக்க, அவன் இருபது நிமிடம் கண்ணை மூடிக் கிடப்பானா? கிடந்தால் கட்டுரையாளர் அந்த இருபது நிமிடத்துக்குச் சம்பளம் கொடுப்பாரா? இராப் பஸ்கள் நிற்கிற சாப்பாட்டுக் கடைகளில் சாரதிக்கும் நடத்துனருக்கும் சோறு காசில்லாமல் கிடைக்கும். பஸ்ஸைக் கொண்டுவந்து நிறுத்துவதற்கான கைம்மாறு அது. சோற்றுக்கு ஒழுங்கு செய்யத் தெரிந்த இந்தத் தொழிலுக்கு ஒரு கட்டிலுக்கு ஒழுங்கு செய்யத் தெரியவில்லை. இலக்குவன் பதினான்கு ஆண்டு உறங்காமல் காவல் நின்றான் என்பது காவியம். காவியத்தைக் கொண்டுவந்து வேலைநேர அட்டவணையாக ஒட்டுகிறவர், சாரதியின் அனுபவத்தைப் போற்றுகிறாரா, அதை வைத்துப் பிழைக்கிறாரா?

இரண்டாவது கூற்றில்தான் அவர் தன்னம்பிக்கையின் உச்சிக்குப் போகிறார். பொலிஸ் அறிக்கைகளைப் பாருங்கள், வேகம் இருக்கிறது, குடி இருக்கிறது, கவனக்குறைவு இருக்கிறது, நித்திரை எங்கே இருக்கிறது என்று கேட்கிறார். இருக்காதுதான். குடித்தவனைப் பிடிக்கப் பொலிஸ்காரரிடம் பலூன் இருக்கிறது. ஊதச் சொன்னால் நிறம் சொல்லிவிடும். நித்திரைக்குப் பலூன் கிடையாது. விபத்து நடந்த கணமே அதிர்ச்சியில் உடம்பு விழித்துக்கொள்கிறது, இரத்தத்தில் தடயம் நிற்பதில்லை, உயிர் தப்பிய சாரதி தன் வாயால் தன் அனுமதிப்பத்திரத்தைப் பறிகொடுக்க மாட்டான், தப்பாதவனிடம் கேட்க வழியில்லை. அளக்கும் கோலே இல்லாத இடத்தில் அளவு பூச்சியம் என்று எழுதிவிட்டு, அந்தப் பூச்சியத்தைக் காட்டியே கோல் வேண்டாம் என்பது ஏதுப் போலிக்கு இலக்கணம். அப்படியிருந்தும் நம் பத்திரிகைகளில் 'சாரதியின் நித்திரைக் கலக்கமே காரணம்' என்ற வரி இடைக்கிடை வருகிறதே, அது எப்படி? மறைக்க முடியாத அளவுக்கு வெளிப்படையான சம்பவங்கள் மட்டும் அந்த வரியைத் தொடுகின்றன. ஹோர்னும் ரெய்னரும் நித்திரை விபத்தை இனங்காண வைத்த அடையாளங்களைப் பாருங்கள்: வானிலை நன்றாக இருக்கிறது, வண்டியில் பழுதில்லை, சாரதி குடிக்கவில்லை, வண்டி வீதியை விட்டு விலகியிருக்கிறது, பிரேக் பிடித்த தடமே இல்லை. இந்த அடையாளங்களோடு நடக்கும் விபத்து நம் அறிக்கையில் 'கவனக்குறைவு' என்றோ 'வேகக் கட்டுப்பாட்டை இழந்து' என்றோ பதிவாகிவிட்டால் எந்தப் புள்ளிவிபரம் அதைப் பிரித்தெடுக்கும்?

மன்னம்பிட்டியை அவர் சான்றாக இழுத்திருப்பதைப் படித்தபோது எனக்கு வந்தது கோபம். 2023 யூலை 9ஆம் திகதி, கதுருவெலயிலிருந்து கிழக்கு நோக்கி வந்த தனியார் பஸ் கொட்டலீய பாலத்திலிருந்து ஆற்றில் விழுந்து பத்துப் பேருக்கு மேல் இறந்தார்கள். நம் பக்கத்து வீடுகளில் அந்த இழவு இன்னும் ஆறவில்லை. அது முன்னிரவில் நடந்தது, அங்கே வேகம்தான் பேசப்பட்டது, ஆகவே சோர்வுக் கருவி பயனற்றது என்கிறார். ஒரு நோயால் ஒருவர் இறந்தார் என்பதால் மற்ற நோய்க்கு மருந்து வேண்டாம் என்று எந்த வைத்தியர் சொல்வார்? திட்டாந்தப் போலி என்றால் இதுதான். அவர் சொல்லாமல் விட்ட உதாரணத்தை நான் சொல்கிறேன். 2025 மே 11ஆம் திகதி, கதிர்காமத்திலிருந்து இரவு முழுக்க ஓடி வந்த இலங்கைப் போக்குவரத்துச் சபை பஸ், கொத்மலை கரண்டிஎல்லையில் விடிகாலை நாலரை மணியளவில் பள்ளத்தில் விழுந்தது. எழுபதுக்கு மேற்பட்டோர் ஏறியிருந்த பஸ்ஸில் இருபதுக்கு மேற்பட்டோர் மாண்டார்கள். சாரதி கண்ணயர்ந்தாரா என்று தீர்ப்பெழுத நான் வரவில்லை. அந்த மணித்தியாலத்தில் சாரதியின் கண் எப்படியிருந்தது என்று சொல்ல அந்த பஸ்ஸில் எதுவும் பூட்டப்பட்டிருக்கவில்லை என்பதே என் வாதம். மனித உடம்பு உறக்கத்துக்கு மிகவும் இடங்கொடுப்பது விடியப்புறம் இரண்டுக்கும் ஆறுக்கும் இடையில். கொழும்பிலிருந்து இரவு ஒன்பதுக்குப் புறப்பட்ட பஸ் அந்த நேரத்தில் ஹபரணை, பொலன்னறுவை, மன்னம்பிட்டி, புணானை என்று நம் பக்கம் வந்துகொண்டிருக்கும். வளைவில்லாத நேர்வீதி, இருள், இரண்டு பக்கமும் காடு. மணிக்கு 60 கிலோமீற்றரில் ஓடும் பஸ்ஸில் நான்கு விநாடி இமை மூடினால் ஏறத்தாழ 67 மீற்றர் தூரம் அதை ஓட்ட ஆளில்லை.

இன்னொரு விந்தை. பிரச்சினையே இல்லை என்று சாதித்த கை, அடுத்த பத்தியிலேயே அதற்கு மருந்தும் எழுதுகிறது: வெற்றிலை, பிளேன்ரீ, முகத்தில் தண்ணீர், சத்தமாகப் பாட்டு. இல்லாத நோய்க்கு இத்தனை மருந்து எதற்கு? தன் கூற்றைத் தானே மறுக்கும் இதுதான் பக்கப் போலி. அவற்றை ஒத்த மருந்துகள் சோதிக்கப்பட்டே இருக்கின்றன. குளிர்காற்றும் வானொலியும் சாரதியை விழிப்பாக்குமா என்று அதே ரெய்னரும் ஹோர்னும் 1998இல் பார்த்தார்கள். கிடைத்த பயன் அற்பம், அதுவும் கொஞ்ச நேரத்துக்கு மட்டும். பயன் தந்தது கோப்பியும் பதினைந்து நிமிடக் குட்டித்தூக்கமும். அதாவது, வண்டியை நிறுத்துவது. கட்டுரையாளரின் மருந்துப் பட்டியலில் நிறுத்தம் என்ற ஒன்று மட்டும் இல்லை. வண்டி ஓடிக்கொண்டே இருக்க உதவும் எல்லாமும் இருக்கின்றன.

மூன்றாவதாக மானத்தைப் பற்றிப் பேசுகிறார். சாரதியின் முகத்துக்கு நேரே கமரா வைப்பது உழைப்பாளியை அவமதிப்பதாம், அவன் கள்ளனா என்று கேட்கிறார். அவருடைய பஸ்ஸில் ஏறிய எவருக்கும் தெரியும், அங்கே ஏற்கெனவே கமரா இருக்கிறது. நடத்துனர் டிக்கற் காசை எங்கே வைக்கிறார் என்று பார்க்க உள்ளே ஒன்று, ஏறி இறங்கும் தலைகளை எண்ண வாசலில் ஒன்று, வண்டி எங்கே நிற்கிறது என்று வீட்டிலிருந்தே பார்க்க ஒரு ஜிபிஎஸ். நடத்துனரின் கையைக் கண்காணித்தபோது உழைப்பாளியின் மானம் நினைவுக்கு வராதவருக்கு, சாரதியின் கண்ணைக் காக்க ஒன்று பூட்டச் சொன்னதும் அது திடீரென்று நினைவுக்கு வருகிறது. காசைக் காக்கும் கமரா நிர்வாகம், உயிரைக் காக்கும் கமரா அவமானம். இந்த இரண்டையும் ஒரே நெஞ்சில் வைத்திருக்க ஒருவருக்கு மானத்தைப் பற்றி எவ்வளவு குறைந்த அக்கறை இருக்க வேண்டும்?

கருவியின் திறனைப் பற்றி அவர் எழுப்பும் ஐயங்களில் ஒன்றுக்கு மட்டும் நேர்மையான விடை தேவை. நம் வீதிக்கு இது ஒத்துவராது என்கிறார். ஸ்டியரிங்கின் அசைவை வைத்துச் சோர்வை ஊகிக்கும் வகைக் கருவிகள் ஓரளவு திணறும் என்பது உண்மை. மாடும் மோட்டார் சைக்கிளும் சைக்கிளும் சந்துக்குச் சந்து குறுக்கே வரும் செங்கலடி, ஏறாவூர் வீதியில் ஸ்டியரிங் ஒருபோதும் அமைதியாக இருப்பதில்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2022 யூலையிலிருந்து புதிய வாகன வகைகளுக்கும் 2024 யூலையிலிருந்து எல்லாப் புதிய வாகனங்களுக்கும் சோர்வு எச்சரிக்கையைக் கட்டாயமாக்கியது. அந்த விதிப்படி கருவி இயங்கத் தொடங்க வேண்டியது 70 கிலோமீற்றர் வேகத்துக்கு மேல். நம் நாட்டில் நகருக்கு வெளியே பஸ்ஸுக்குச் சட்டம் விதித்த எல்லையே 60. ஆகவே அங்கே இருப்பதை அப்படியே இறக்கிப் பூட்டினால் போதாது. ஆனால் இமையைப் பார்க்கும் கருவிக்கு வீதி எப்படியிருந்தால் என்ன? கண்மணியை இமை எண்பது வீதத்துக்கு மேல் மூடியிருக்கும் நேரம் ஒரு நிமிடத்தில் எவ்வளவு என்று கணக்கிடும் முறை 1990களிலேயே சோதித்து நிறுவப்பட்டது. அகச்சிவப்பு ஒளியில் அது இருட்டிலும் பார்க்கும். நம் வீதிக்கும் நம் வேகத்துக்கும் பொருத்தமானதைத் தேர்ந்தெடுங்கள் என்று எழுதியிருந்தால் நான் அவரோடு சேர்ந்து கையெழுத்திட்டிருப்பேன். அவர் தேர்ந்தெடுக்கச் சொல்லவில்லை, கைவிடச் சொல்கிறார்.

செலவு என்கிறார். அதற்கு நீண்ட பதில் தேவையில்லை: ஒவ்வொரு இருக்கைக்கு மேலும் நீலமும் ஊதாவும் எரியும் விளக்குத் தொடர், முன்கண்ணாடிக்கு மேலே அகலத் திரை, நெஞ்சை உலுக்கும் ஒலிபெருக்கிகள் – இவற்றுக்கு எந்தப் பயணியின் டிக்கற் விலையை உயர்த்தினார்?

இனி அவர் எழுதாததைப் பற்றி. மூன்று பக்கத்துக்கு நீளும் ஒரு கட்டுரையில் தன் சாரதி நாளுக்கு எத்தனை மணித்தியாலம் ஓட்டுகிறான் என்று ஒரு இடத்திலும் அவர் சொல்லவில்லை. இது மறதி அல்ல. மட்டக்களப்பிலிருந்து கொழும்புக்கு 300 கிலோமீற்றருக்கு மேல், ஏழெட்டு மணித்தியால ஓட்டம். ஐரோப்பாவில் நாலரை மணித்தியாலம் ஓட்டினால் 45 நிமிடம் கட்டாயம் நிறுத்த வேண்டும். வெள்ளைக்காரன் சட்டம் என்று ஒதுக்குவாரானால், பக்கத்து இந்தியா 1961இலேயே மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டத்தில் நாளுக்கு எட்டு மணித்தியாலம், ஐந்து மணித்தியாலத்துக்குள் அரை மணி ஓய்வு என்று எழுதிவிட்டது. அப்போது கமராவும் இல்லை, கணினியும் இல்லை. ஒரு கடிகாரம் போதுமானதாக இருந்தது. சோர்வை முன்கூட்டியே கண்டறிதல் என்பது இமையில் தொடங்குவதல்ல. நேற்று எத்தனை மணிக்குப் படுத்தாய், எத்தனை மணிக்கு எழும்பினாய், கடந்த ஏழு நாளில் எத்தனை இரவு ஓடினாய் என்று டிப்போவில் கேட்டு எழுதும் ஒரு தாளில் தொடங்குகிறது. வண்டியில் ஏறுமுன் மூன்று நிமிடத்தில் முடிகிற எதிர்வினை வேகச் சோதனை இருக்கிறது. உறக்கத்தில் மூச்சடைத்து, குறட்டை விட்டு, எட்டு மணித்தியாலம் படுத்தும் களைப்போடு எழும்பும் சாரதியை வைத்தியசாலைக்கு அனுப்பிச் சோதித்தால் அவனுக்கு மருத்துவம் இருக்கிறது. கமரா இவை எல்லாவற்றுக்கும் பின்னால் நிற்கும் கடைசிக் காவல்.

ஆனால் அந்தக் கடைசிக் காவல் எழுதிவைக்கும். அதுதான் அவருடைய பயம் என்று நான் சொல்கிறேன். விடியப்புறம் மூன்று மணிக்கு எச்சரிக்கை அடித்தது, நாலு மணிக்கு மறுபடியும் அடித்தது, அந்தச் சாரதி முதல்நாள் இரவும் அதே வண்டியை ஓட்டியவன் என்று ஒரு பதிவு கிடந்தால், விபத்துக்குப் பிறகு கூண்டில் நிற்க வேண்டியவர் பட்டியலில் சாரதிக்கு அடுத்து யார் பெயர் வரும்? இன்று அந்தப் பதிவு இல்லை. ஆகவே பழி முழுவதும் ஸ்டியரிங் பிடித்தவனோடு முடிந்துவிடுகிறது. அவன் இறந்தால் இன்னும் வசதியாக முடிகிறது. 2001 பெப்ரவரியில் இங்கிலாந்தின் செல்பி அருகே உறங்காமல் ஓட்டிய ஒருவரின் வாகனம் நெடுஞ்சாலையிலிருந்து ரயில் பாதையில் விழுந்து பத்துப் பேர் இறந்தபோது, தான் உறங்கவில்லை என்றே அவர் வாதாடினார். நீதிமன்றம் ஏற்காமல் ஐந்தாண்டுச் சிறை கொடுத்தது. அவரை ஓட்டச் சொல்லி எவரும் அனுப்பவில்லை, அவரே போனார். நம் சாரதி அனுப்பப்படுகிறவன். நாட்சம்பளத்துக்கும் வசூலில் ஒரு பங்குக்கும் அனுப்பப்படுகிறவன். அனுப்பியவரின் கணக்கும் நீதிமன்றத்தில் விரியட்டும் என்பதைத்தான் 'சாரதியின் மானம்' என்ற திரைக்குப் பின்னால் அவர் தடுத்துக்கொண்டிருக்கிறார்.

இது அவருடைய பஸ்ஸோடு நிற்கும் விடயமும் அல்ல. மத்திய கிழக்குக்குப் போகும் தாயை ஏற்றிக்கொண்டு காத்தான்குடியிலிருந்தும் ஏறாவூரிலிருந்தும் இரவில் கட்டுநாயக்காவுக்குப் போகும் ஹயஸ் வான், விமான நிலையத்தில் இறக்கிவிட்டு, அழுது களைத்த குடும்பத்தோடு ஒரு கண் உறங்காமல் அதே சாரதியோடு திரும்பி வருகிறது. வாழைச்சேனைத் துறைமுகத்திலிருந்து ஐஸ் உருகுமுன் மீனைச் சந்தைக்குச் சேர்க்க ஓடும் லொறிக்கும் இதே கதி. இருபத்துநான்கு மணித்தியாலம் விழித்திருந்தவனின் கைத்திறன் இரத்தத்தில் 0.10 வீத மதுசாரம் உள்ளவனுடையதற்குச் சமம் என்று டோசனும் ரீடும் 1997இல் 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். நம் சட்டம் குடிகாரன் என்று பிடிக்கும் எல்லை 0.08. குடித்த சாரதியின் வானில் தன் பிள்ளையை ஏற்ற எந்தத் தகப்பனும் சம்மதிக்க மாட்டார். உறங்காத சாரதியின் வானுக்கு முன்பணம் கொடுத்துப் பிடிக்கிறோம்.

இரவு பஸ்ஸில் ஏறுகிறவர் யார் என்பதையும் அவர் நினைத்துப் பார்க்கவில்லை. மஹரகம வைத்தியசாலையில் காலை கிளினிக்குக்கு இலக்கம் எடுத்தவர், பாஸ்போட் அலுவலகத்தில் விடிய வரிசையில் நிற்க வேண்டியவர், தங்குவதற்குக் கொழும்பில் வீடில்லாதவர். பகலில் போங்கள் என்று அவர்களுக்குச் சொல்ல முடியாது. வாவிக்கரையில் இருந்து தலைநகரில் ஒரு வேலை முடிக்க இரவைத்தான் விலையாகக் கொடுக்க வேண்டியிருக்கிறது. அவர்கள் டிக்கற் வாங்கும்போது சாரதியின் விழிப்பையும் சேர்த்தே வாங்குகிறார்கள்.

கருவி தவறாகப் பயன்படும் என்ற அச்சத்தில் ஒரு சிறு நியாயம் உண்டு, அதை அவருக்காக நானே எழுதுகிறேன்: எச்சரிக்கை அடித்ததற்காகச் சாரதியின் சம்பளத்தை வெட்டவோ அவனை நிறுத்தவோ முதலாளிக்கு உரிமை இருக்கக் கூடாது, பதிவு உரிமையாளரின் தொலைபேசிக்கு மட்டும் போகாமல் அனுமதிப்பத்திரம் வழங்கும் தேசிய போக்குவரத்து ஆணைக்குழுவுக்கும் போக வேண்டும், எச்சரிக்கை அடித்தால் வண்டியை நிறுத்திக் கண்ணயரும் சாரதிக்கு அந்த நேரம் வேலைநேரமாகக் கணக்கிடப்பட வேண்டும். இந்த மூன்று நிபந்தனையையும் அவர் ஏற்பாரா? ஏற்றால் சாரதியின் மானத்தைப் பற்றி அவர் எழுதியதை நான் நம்பத் தயார்.

பதில் எழுதுவதாகச் சொல்லிவருகிறார் என்று கேள்விப்படுகிறேன். எழுதட்டும். மணிமேகலையும் வேண்டாம், லஃப்பரோவும் வேண்டாம். கடந்த ஒரு மாதத்தில் தன் பஸ்ஸை யார் யார் எந்தெந்த இரவு ஓட்டினார்கள், எத்தனை மணிக்கு ஏறினார்கள், எத்தனை மணிக்கு இறங்கினார்கள், இடையில் எங்கே படுத்தார்கள் என்ற விபரத்தைச் சாரதிகளின் கையெழுத்தோடு அந்தப் பதிலுடன் சேர்த்து அச்சிடட்டும்.